சிக்னே எழுதிய பனி நிலவரம்

அன்புள்ள ஹெட்விக்,

புதன்கிழமை, உறைந்த ஏரியில் சறுக்குவோர் சங்கக் கூட்டத்தில் நாம் மூன்று பேர்தான். நீங்கள் கதவை ஒட்டி, மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள். தலைவர் இங்வே ஜன்னலோரம். சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் நான் உங்களுக்கு நேர் எதிரே. உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மற்றவர்கள் வரவில்லை.

"யாரு இந்த சிக்னே?" என்று கேட்டீர்கள். "பனி கெட்டியா இருக்கு, நம்பி வாங்கன்னு எழுதியிருக்கா. அத நம்பித்தான் என் வீட்டுக்காரர் ஆர்விட் ஏரியில எறங்கி, பனி உடைஞ்சு முழுகிப் போனாரு. அவள நான் பாக்கணும்."

இங்வே என்னைப் பார்த்தார். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன்.

சிக்னே என் மகள். ஜனவரியில் ஏரிப் பனியைத் துளையிட்டு அளந்து, கரையிலிருந்தே அதைத் தளத்தில் எழுதிவிட்டு, காரில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்தாள். அவள் எழுதிய அன்று பனி கெட்டியாகத்தான் இருந்தது.

எங்கள் தளத்தில் உறுப்பினர்கள் எழுதும் பனி நிலவரத்தில் புதியது மேலே ஏறும், பழையது இறங்கும். அவள் இறங்குவதைப் பார்க்க முடியாமல், பக்கம் புதுப்பிக்கப்படுவதை நிறுத்தினேன். யார் எழுதியதையும் அழிக்கவில்லை. எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

"ஏம்ப்பா ஸ்தூரே, ஏரிய விட உன் தளம்தான் நல்லா உறைஞ்சு கெடக்கு" என்று இங்வே தொலைபேசியில் கிண்டல் செய்தார்.

"கோளாறு எங்கன்னு தேடிட்டிருக்கேன்" என்றேன்.

பழைய உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு நிலவரம் கேட்டுக்கொண்டார்கள். நீங்கள் இருவரும் போன இலையுதிர்காலத்தில்தான் குடிவந்தவர்கள். உங்களுக்குத் தளம் மட்டும்தான்.

அவள் பெயருக்கு அருகில் தேதி பழையதாகிக்கொண்டே போனது. அதை எடுத்துவிட்டு 'இன்று' என்று வைத்தேன். காலையில் கணினியைத் திறந்தால், அவள் அன்றுதான் எழுதியதுபோல இருக்கும்.

மார்ச்சில் இங்வே ஓர் எச்சரிக்கை எழுதினார்: ஆறு சேரும் பக்கம் பனி இற்றுவிட்டது, யாரும் இறங்க வேண்டாம். அது என் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. வெளியிட்டால் சிக்னே இரண்டாவது வரிக்குப் போவாள். ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி யோசித்தேன். வெளியிடவில்லை.

அன்றுதான் அவளுக்கு ஒரு பதில் வந்திருந்தது. "ரொம்ப நன்றிங்க சிக்னே. ஆத்துப் பக்கமும் போகலாமா?" எழுதியவர் உங்கள் ஆர்விட். அவள் போனபின் அவளோடு பேசிய முதல் ஆள் அவர். திரும்பத் திரும்பப் படித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கிற பிள்ளையில்லை அவள். அதனால் அவள் பெயரில் நான் எழுதி, அதை மட்டும் அவர் கண்ணில் படும்படி அவள் குறிப்பின் கீழேயே வெளியிட்டேன்: "தாராளமா போங்க."

காவல் நிலையத்துக்கும் இதன் பிரதி ஒன்று போகிறது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சிக்னேயின் மேல் கோபப்படாதீர்கள். அவள் இருந்திருந்தால் அவரைப் போகவிட்டிருக்க மாட்டாள்.

இனி இதை மடித்து, உறையை ஒட்டி, கடையோரத்து மஞ்சள் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். அனுப்புநர் இடத்தில் ஸ்தூரே, சிக்னே என்று இரண்டு பெயர் இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து போகும் கடிதம் எப்போதும் அப்படித்தான்.

ஸ்தூரே