நாய் டாக்டரிடம் சொன்ன பொய்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"நாய் டாக்டரு, இன்னா வேலை பண்றீங்கன்னு கேட்டாரு. டிரைவர்னு பொய் சொல்லிட்டேன்."

"ஏம்பா?"

"தோல் பதனிடற டேனரில தோலைத் தரம் பிரிக்கிறவன்னு எப்படிச் சொல்றது? உண்ணி கடிச்ச தழும்பு ஒண்ணு இருந்தாலும் அந்தத் தோலைக் கழிச்சுடுவேன். வீட்ல நாய் சாப்பிடாம சுருண்டு படுத்துக்கிச்சு. கோவிச்சுக்கிச்சுன்னு நெனச்சு ஈரல் வாங்கி வெச்சேன். டாக்டரு காதை மடக்கிக் காட்டறாரு, உள்ள பூரா உண்ணி. உண்ணிக் காய்ச்சலாம். பல்லு ஈறே வெளுத்துப் போய்டுச்சு."

"இப்ப எப்படி இருக்குது?"

"மருந்து கொடுத்தப்புறம் எழுந்து கஞ்சி குடிக்குது. தெனம் காதைப் பாக்கற வேலையை சம்சாரம் எடுத்துக்கிட்டா."

"ஏன், நீ பாக்கக் கூடாதா?"

"உயிர் போன தோலைப் பாக்கத்தான் நான் லாயக்காம்."