பத்துப் பேருக்குப் பயனில்லை

யார் எழுதியதானாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நான் கருத்துச் சொல்வேன். முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் எழுதிய கடிதங்களைத் திருத்தி மேலே அனுப்பிய பழக்கம் அது. சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் உபகாரசாமி. இப்போது நானும் மனைவி வேளாங்கண்ணியும் பனமரத்துப்பட்டியில், ஏரிக்குப் போகும் சாலையில் சிறிதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

போலீஸ் என்னை எதுவும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் போவதில்லை. எதிர்வீட்டு மாரக்காள் இறந்ததை மின்கசிவு விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆகவே இதை நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

'வாங்கியவர் சொல்' என்று ஓர் இணையதளம் இருக்கிறது. விவசாயக் கருவிகள், மோட்டார், மருந்து தெளிப்பான் போன்றவற்றை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் அதில் மதிப்புரை எழுதுவார்கள். ஒவ்வொரு மதிப்புரைக்கும் கீழே இரண்டு பொத்தான்கள் உண்டு: 'பயனுள்ளது', 'பயனில்லை'. மற்ற உறுப்பினர்கள் படித்துவிட்டு ஒன்றை அழுத்தலாம். நிறையப் பேர் பயனுள்ளது என்று சொன்னால் அந்த எழுத்து மேலே ஏறும். பதிவான மூன்று நாளுக்குள் பத்துப் பேர் பயனில்லை என்றால் அது மறைக்கப்பட்டுவிடும். அதன் பிறகு தேடினாலும் கிடைக்காது.

இதில் சண்டை சச்சரவு வந்தபோது, உறுப்பினர்களுக்கு ஒரு நடத்தை விதி எழுதித் தரச் சொல்லித் தளத்தை நடத்துகிறவர்கள் என்னைத்தான் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். முழுவதும் படிக்காமல் மதிப்பிடாதீர்கள். எழுதியவரின் பெயரைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். உங்கள் கருத்துக்கு மாறாக இருக்கிறது என்பதற்காகப் 'பயனில்லை' அழுத்தாதீர்கள். ஒருவருக்கு ஒரு வாக்குதான். புதிதாகச் சேர்கிறவர்கள் இன்றும் அதைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே வர முடியும். கீழே என் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அதில் நான் மீறாத விதி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். முதல் விதி மட்டும் மிச்சம். அறிவுச்செல்வி எழுதியவற்றில் நான் படிக்காமல் விட்டது ஒரு வரிகூட இல்லை.

அறிவுச்செல்வி பரமத்தி வேலூர்க்காரர். வெற்றிலைக் கொடிக்கால், நாலு மாடு. பேசுகிறபடியே எழுதுவார். மருந்து தெளிப்பான் ஒன்றைப் பற்றி அவர் எழுதியது எனக்கு மனப்பாடம்: "பட்ட தோள அறுக்குதுங்க. நான் பழய துண்ட சுத்திகிட்டு தான் அடிக்கறன். மத்தபடி நல்லாருக்கு." அவ்வளவுதான். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் உண்டு. நூற்றுப் பன்னிரண்டு பேர் பயனுள்ளது என்று சொல்லியிருந்தார்கள். அதே தெளிப்பானைப் பற்றி நான் நான்கு பத்தி எழுதியிருந்தேன். பத்தொன்பது பேர்.

மூன்று வருடமாக முகப்புப் பக்கத்தில் முதல் மதிப்புரையாளர் என்று என் பெயர் இருந்தது. அந்தச் சித்திரையில் அவர் பெயர் வந்தது. நான் வருத்தப்படவில்லை. தரம் குறைகிறதே என்ற கவலை இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் எழுத்துக்குப் 'பயனில்லை' அழுத்தினேன். பிழையோடு எழுதுவதை ஊக்குவிக்கக் கூடாது என்பது என் நியாயம்.

தளம் தொடங்கிய புதிதில் ஆள் சேர்ப்பதற்காக என் வீட்டார் பெயரில் ஐந்து கணக்குகள் திறந்து வைத்திருந்தேன். வேளாங்கண்ணி, மகள் சோபியா, மருமகன் அலெக்ஸ், மைத்துனன், மைத்துனன் மனைவி. அவர்களில் யாருக்கும் இப்படி ஒரு தளம் இருப்பதே தெரியாது. என்னுடையதோடு சேர்த்து ஆறு. வைகாசிக்குப் பிறகு அறிவுச்செல்வி எதை எழுதினாலும் அதன் கீழே ஆறு 'பயனில்லை' விழுந்தது. காலையில் காபி குடித்துவிட்டு அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பேப்பர் படிப்பேன்.

ஆடி மாதம் சேலத்தில் ஒரு கடையில் புதிதாக வந்த தட்டு வெட்டும் மிஷினைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மாட்டுக்குப் போடும் சோளத்தட்டைப் பொடிப்பொடியாக நறுக்கித் தரும் மின்சார மிஷின். கடையில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து ஐந்து பத்தி எழுதினேன். பாதுகாப்பு என்று தனித் தலைப்பிட்டு, 'பெண்களும் அச்சமின்றி இயக்கலாம்' என்று முடித்தேன். நான் மாடு வளர்த்ததில்லை. அந்த மிஷினில் ஒரு தட்டைக்கூட வெட்டிப் பார்த்ததில்லை. ஆனால் வாக்கியங்கள் நன்றாக அமைந்திருந்தன. தொண்ணூற்று நான்கு பேர் பயனுள்ளது என்றார்கள்.

அந்தத் தொண்ணூற்று நான்கில் ஒருத்தி சித்ரா. எதிர்வீட்டுச் சடையன், மாரக்காள் தம்பதியின் மகள். நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். எங்களுக்குப் பால் அந்த வீட்டில் இருந்துதான் வருகிறது. சித்ரா என் மதிப்புரையைச் சத்தமாகப் படித்துக் காட்டினாளாம். மறுநாள் பால் ஊற்றும்போது மாரக்காள் சொன்னார்: "உங்கள நம்பித்தானுங்க சார் வாங்கறோம். கத்தியில வெட்டி வெட்டி எனக்குக் கையே தூக்க முடியறதில்ல." அந்த நாள் முழுவதும் எனக்கு மனம் நிறைவாக இருந்தது.

புரட்டாசி நடுவில் அறிவுச்செல்வி அதே மிஷினைப் பற்றி எழுதினார். இதையும் முழுவதும் படித்தேன்.

"மிசுன தொட்டா சுர்ருங்குது. மொத ஒரு மாசம் ஒன்னுமில்ல. அப்பறம் பாத்தா உள்ளார ஒயரு தகரத்துல ஒரசி தோல் போயிருச்சு. எர்த்து ஒயரு உள்ளார குடுக்கவே இல்லைங்க. கழட்டி போட்டோ எடுத்து போட்டிருக்கன். வாங்குனவங்க தயவு பண்ணி ஈரத்துல தொடாதிங்க. ஆள கூப்பிட்டு பாருங்க. மழ வருது."

படமும் தெளிவாக இருந்தது.

நான் அவசரப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மாரக்காள் தொழுவத்தில் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்த் தகரத்தில் விரலை வைத்தேன். சுர்ரென்று ஏறியது. எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டேன்.

"உங்களுக்கும் அடிக்குதுங்களா சார்?" என்று மாரக்காள் கேட்டார். "எனக்கும் நாலு நாளா அப்படித்தான் இருக்குது. புதுசு இல்லீங்களா, போகப் போகச் செரியாயிரும்ங்கறாரு இவரு. ஏனுங்க சார், பயமில்லீங்களே?"

தொழுவ வாசலில் நின்றிருந்த சடையனும் என் முகத்தைப் பார்த்தார்.

ஆள் கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அறிவுச்செல்வி எழுதியது சரி என்றாகும். நான் எழுதியது என்ன என்று சித்ரா கேட்பாள். கேட்க மாட்டாள், நல்ல பெண். ஆனாலும் கேட்டுவிடுவாளோ என்று தோன்றியது.

"புது மிஷின் அப்படித்தாம்மா இருக்கும்," என்றேன். "பயமில்லை."

"அது போதுங்க சார்," என்று சொல்லிவிட்டு மாரக்காள் அடுத்த கட்டுத் தட்டை எடுத்தார். அவர் காலில் செருப்பு இல்லை. அதைக் கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஆறு கணக்கிலிருந்தும் 'பயனில்லை' அழுத்தினேன். இந்த முறை ஆறு போதவில்லை. பழைய உறுப்பினர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில், 'உறுதி செய்யப்படாத தகவல்களால் பீதி பரவுவதைத் தடுப்பது மூத்த உறுப்பினர்களின் கடமை' என்று எழுதி, அந்த மதிப்புரையின் இணைப்பையும் போட்டேன். மறுநாள் மதியத்துக்குள் இன்னும் நான்கு பேர் அழுத்திவிட்டார்கள். எல்லோரும் கண்ணியமானவர்கள். என் பேச்சை நம்பியவர்கள். பத்து ஆனதும் அந்த எழுத்து மறைந்தது. தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மாரக்காள் ஐப்பசி மூன்றாம் தேதி இறந்தார். முந்தின நாள் நல்ல மழை. தொழுவத் தரை சொதசொதவென்று இருந்தது. காலையில் பால் வரவில்லையே என்று வேளாங்கண்ணி வாசலுக்குப் போனபோது சடையனின் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மாரக்காள் மிஷினுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கையில் சோளத்தட்டு அப்படியே இருந்தது. மாடுகள் இரண்டும் கட்டுத்தறியில் நின்று கத்திக்கொண்டிருந்தன.

சித்ரா நாமக்கல்லில் இருந்து வந்து இறங்கினாள். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"போன வாரம் அம்மா போன்ல சொல்லுச்சுங்க சார், மிஷின் சுர்ருங்குதுன்னு. வேற யாருக்காச்சும் இப்படி ஆகியிருக்குதான்னு அந்த சைட்டுல தேடித் தேடிப் பாத்தேன். ஒருத்தர்கூட எழுதலீங்க. ஒருத்தர் எழுதியிருந்தாக்கூட நான் ஓட விட்டிருக்க மாட்டேன்."

நான் அவள் தலையில் கை வைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பால் வேறு வீட்டிலிருந்து வருகிறது, அதுவும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். 'பிறர் எழுத்தைப் பொறாமையால் குறைத்து மதிப்பிட்டேன், சாமி' என்று சொன்னேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எல்லாருக்கும் வருவதுதான் என்று சாமியார் தேற்றி, மூன்று முறை 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று மூன்றுக்குப் பதிலாக முப்பது சொன்னேன். எழுந்தபோது முழங்கால்தான் வலித்தது. வேறெதுவும் குறையவில்லை.

ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்த மிஷினைப் பற்றி ஒரு பாதுகாப்புக் குறிப்பு எழுதினேன். ஒயர் தகரத்தில் உரசும் இடம், எர்த் இல்லாதது, ஈரத்தில் தொடக் கூடாது, ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும். அறிவுச்செல்வி எழுதிய அதே விஷயங்கள், அதே வரிசையில், பிழையில்லாமல். எங்கள் ஊரில் ஓர் அம்மா இறந்ததை மட்டும் கூடுதலாகச் சேர்த்தேன். என் பழைய ஐந்து பத்தியை நீக்கிவிட்டேன். குறிப்பு ஒரே வாரத்தில் முந்நூறு பேருக்குப் பயன்பட்டது. முகப்பில் முதல் பெயர் மறுபடியும் என்னுடையதானது. நல்ல காரியம்தான் நடந்தது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் போன் வந்தது.

"சார், நான் அறிவுச்செல்விங்க. பரமத்தி வேலூர்ல இருந்து. விதியெல்லாம் எழுதியிருக்கீங்களே, அதுல உங்க நம்பர் இருந்துச்சு. பேசலாமுங்களா?"

உட்கார்ந்துகொண்டேன். கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"சொல்லும்மா."

"அந்த மிஷினப் பத்தி நீங்க எழுதுனதப் படிச்சேனுங்க. அந்தம்மா செத்துப் போனதயும் அதுலதான் பாத்தேன். நானும் முன்னாடியே அதயேதான் எழுதியிருந்தேனுங்க சார். பத்துப் பேரு பயனில்லைனு போட்டு, எடுத்துட்டாங்க. நான் எட்டாவதோட நின்னவ. எழுத வராது எனக்கு. தப்புத்தப்பா எழுதுனதாலதான் யாருக்கும் புரியாமப் போயிருச்சுங்களா சார்? ஊட்டுல இதயே நெனச்சுட்டு ஒரு வேலயும் ஓடமாட்டேங்குது. கோவிச்சுக்காமச் சொல்லுங்க."

இவ்வளவு எளிதாக ஒருவர் எல்லாவற்றையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். ஆறு கணக்கும் நான்தான் அம்மா, உன் எழுத்து தெளிவாகத்தான் இருந்தது, அதனால்தான் மறைத்தேன். மனதுக்குள் அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்தேன்.

"கொஞ்சம் கவனமாக எழுதியிருக்கலாம் அம்மா," என்றேன்.

"தெளிவா எழுதியிருந்தா அந்தம்மா பொழச்சிருப்பாங்களா சார்?"

"பிழைத்திருக்கலாம்."

அவர் அழத் தொடங்கினார். அவர் அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை. இனிமேல் எதையும் எழுத மாட்டேன் என்று சொன்னார். நான் தடுக்கவில்லை. கடைசியில், பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி என்றார். பாவம், மனதில் இருப்பதைச் சொல்லி அழ அவருக்கு நானாவது இருந்தேனே என்று நினைத்துக்கொண்டேன்.