கோட்டுக்காரர் வீட்டுப் பொத்தான்

ரிப்பனை நேராக வெட்டக் கூடாது, சாய்த்து வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் நுனி இழை இழையாகப் பிரிந்துகொண்டே போகும். இது நான் கேட்காமலே என் தம்பி மனைவி எனக்குச் சொல்லிக் கொடுத்தது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவள் சொல்லிக் கொடுப்பாள். வேறு சமயமாக இருந்தால், வெளியே பெஞ்சில் அவளுக்குக் காவலாக நிற்கிற உங்கள் கான்ஸ்டபிள் பெண்ணுக்கு இந்நேரம் ரிப்பனில் ரோஜா மடிக்கக் கற்றுக் கொடுத்திருப்பாள். இன்று அழுதுகொண்டிருக்கிறாள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நான் சொன்ன வார்த்தைகளையே எழுதட்டும். அவர் இஷ்டத்துக்குச் சுருக்கிவிட வேண்டாம்.

எங்கள் வீட்டைக் கோட்டுக்காரர் வீடு என்பார்கள். அப்பா நீதிபதிகளுக்கும் துறைமுக அதிகாரிகளுக்கும் கோட்டு தைத்தவர். எங்கள் கோட்டில் எல்லோரும் பார்த்தது துணி வெட்டிய நேர்த்தியை. தெரிந்தவர்கள் பார்த்தது பொத்தானை. பித்தளைப் பொத்தானின் பின்வளையத்தில் நூலை ஏற்றி, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே கழுத்துப் போலச் சுற்றி, முடிச்சை இரண்டு துணிக்கும் இடையே ஒளித்து வைப்போம். வெளியாள் தேடினாலும் அந்த முடிச்சு அகப்படாது. கோட்டு நைந்து தரை துடைக்கப் போனாலும் பொத்தான் அதிலேயே இருக்கும்.

நான் தைத்ததில்லை. மூத்தவன் என்பதால் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்பதும், அளவு எடுக்கும்போது பக்கத்தில் நிற்பதும் என் பொறுப்பு. பழைய கோட்டுகளைப் பிரிப்பதும் என்னுடையதுதான். பிரிப்புக் கத்தியை உள்ளே நுழைத்து, துணியில் கீறல் விழாமல் நூலை மட்டும் அறுப்பது எல்லோருக்கும் வராது. அப்பாவே ஒருமுறை சொன்னார்: "தைக்கத்தான் உனக்கு வரலை. பிரிக்கிறதையாவது சுத்தமாப் பண்றே." கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆயத்த உடை வந்தது, கடை மூடியது. பிறகு தம்பியும் போய்ச் சேர்ந்தான். மாடி அலமாரியில் மிஞ்சியவை பொத்தான் டப்பாக்களும் லேஸ் சுருள்களும் பதக்கத்துக்குக் கட்டுகிற ரிப்பன்களும்தான். அவை அங்கே மரியாதையாக இருந்தன. அவள் அலமாரியைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நாகரிகமாக எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. முதலில் ரிப்பன் ரோஜா வைத்த தலைக்கிளிப். பிறகு புத்தகத்துக்குள் வைக்கிற ரிப்பன், அதன் வால் நுனியில் ஒரு பொத்தான். காலி ஜாம் பாட்டிலுக்கு லேஸ். அட்டையில் ஒரு மரம் வரைந்து, இலை இருக்க வேண்டிய இடமெல்லாம் பொத்தானை ஒட்டிச் சட்டம் போட்டாள். மரத்தில் ஏன் பொத்தான் காய்க்கிறது என்று கேட்டேன். "பார்க்க அழகா இருக்குல்ல அத்தான்" என்றாள். அவ்வளவுதான் பதில். ஒரு பெரிய அதிகாரியின் மார்பில் ஏறியிருக்க வேண்டிய பொத்தான் வேப்பிலை அளவுக்கு இறங்கிவிட்டது, அதற்கு இவ்வளவுதான் விளக்கம்.

பாட்டிலைக் காட்டி, "ஜாடிக்கு எதுக்கும்மா பாவாடை?" என்றேன்.

தம்பி மகள் அங்கேதான் பசையோடு உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு எதுக்குப் பெரியப்பா வீட்டுக்குள்ள டை? பாத்ரூம் போறப்பவும் கட்டிக்கிட்டுத்தான் போறீங்க" என்றாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் வேலை செய்யும்போது சிரிக்கிறார்கள் என்றால் அது வேலையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம்கூட வீட்டோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். தெருமுனைச் சந்தையில் ஒரு மேஜை போட்டாள். மேஜைக்கு மேல் ஒரு பலகை. அதில் ரிப்பனாலேயே எழுத்து அமைத்து, "கோட்டுக்காரர் வீட்டுக் கைவேலை" என்று ஒட்டியிருந்தாள். 'கோ'வின் கொம்பு காற்றில் ஆடியது.

"வீட்டுப் பேரை எதுக்கும்மா தெருவுக்குக் கொண்டுவந்தே?" என்று கேட்டேன்.

"தெருவுக்கு வந்தாத்தானே அத்தான் பேரு. அலமாரிக்குள்ள இருந்தா அதுக்குப் பேரு பூச்சி உருண்டை வாசம்" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். என் தம்பி அதை ரசித்தான். அவனுக்கு எதையும் எடைபோடத் தெரியாது.

அப்பாவிடம் கோட்டு தைத்துக்கொண்ட ஒரு நீதிபதி, ஓய்வுபெற்றவர், ஒரு நாள் அந்த மேஜை முன்னால் நின்றார். மனைவிக்கு ஒரு கிளிப் வாங்கினார். என்னைப் பார்த்து, "என்ன பெரியவரே, கோட்டுல ஆரம்பிச்சு கொண்டைக்கு வந்துட்டீங்க" என்றார். நல்ல மனிதர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளிடம் சண்டை போட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. எங்கள் வீட்டில் சண்டை போடும் வழக்கமில்லை. பொருள் மட்டம் என்று வாங்குகிறவர்களே சொல்லட்டும், பலகை தானாக இறங்கிவிடும் என்று நினைத்தேன். இதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தோன்றவில்லை.

கிளிப்புகளில் ஆரம்பித்தேன். அவள் கடைக்குப் போகும் நேரத்தில், ரிப்பன் முடிச்சில் அங்கங்கே ஒரு நூலை அறுத்து வைத்தேன். ரோஜாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவள் என்ன செய்தாள் தெரியுமா? "ஐயோ, நூல் பழசு போலிருக்கு" என்று சிரித்துவிட்டு, ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்து அனுப்பினாள். அடுத்த சந்தையில் கூட்டம் கூடிவிட்டது. வெட்கம் என்பது ஒருவருக்கு இருந்தால்தான் அவரை வெட்கப்படுத்த முடியும். அதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் ஆந்தைகள் வந்தன.

உள்ளங்கையில் அடங்குகிற துணி ஆந்தை. பிடித்து இழுக்கக் குழந்தைகளுக்கு வாகாக, இறக்கைக்குப் பதில் பல நிற ரிப்பன் வளையங்கள். கண்ணுக்கு இரண்டு பித்தளைப் பொத்தான், அதிகாரிகளின் கோட்டுக் கை நுனியில் தைக்கிற சின்ன ரகம். எங்கள் பொத்தான் ஆந்தை முழி முழித்துக்கொண்டு என்னையே பார்த்தது.

"குழந்தைங்க எதைக் கண்டாலும் வாயில வச்சுக்கும் அத்தான். அதனாலதான் கழுத்துச் சுத்து ரெண்டு தடவை போடறேன். இவர் சொல்லிக் கொடுத்தது" என்றாள். சுவரில் மாட்டியிருந்த தம்பி படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முடிச்சை ஒளித்துவைப்பதையும் அவன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். வீட்டு ரகசியம். அதையும் கொண்டுபோய் ஆந்தைக்குள் வைத்திருந்தாள்.

ஆகவே, நான் தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிட வேண்டாம். அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். தெரியாமல் எதையும் செய்வது எங்கள் பழக்கமில்லை.

அவர்கள் இரண்டு பேரும் துணி வாங்கப் போயிருந்த ஒரு பிற்பகலில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. முடிச்சு எங்கே இருக்கும் என்று வெளியாளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரே ஒரு இழையை மட்டும் விட்டு மிச்சத்தை அறுத்தேன். முழுதாக அறுத்தால் மேஜையிலேயே விழுந்துவிடும், அறுத்தது தெரிந்துவிடும். ஓர் இழை இருந்தால் பார்வைக்குக் கம்பீரமாக நிற்கும், இழுத்தால் வரும். கூடையில் இருந்த அத்தனை ஆந்தைக்கும் செய்தேன். கை நடுங்கவில்லை. இந்த வயதில் அது ஒரு பாக்கியம். மற்ற வீடுகளுக்குப் போன ஆந்தைகளை நேற்றே திரும்ப வாங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். நல்லது. பாருங்கள், ஒன்றின் துணியிலும் கீறல் இருக்காது.

கூடையைக் கீழே வைக்கவும் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் மனைவி, இடுப்பில் பெண்குழந்தை.

"அக்கா இல்லீங்களா? ஒரு ஆந்தை எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தேன்."

நானே கூடையை எடுத்துவந்து நீட்டினேன். வந்தவர்களை வரவேற்பது என் பொறுப்பு என்று சொன்னேன் அல்லவா. குழந்தை என் டையைப் பிடித்து இழுத்தது. நல்ல பிடி. அந்த அம்மா ஆந்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ எல்லாத்தையும் பிச்சுப் போட்டுடுவா பெரியவரே. இந்தக் கண்ணு கழண்டு வராதே?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எத்தனையோ சொல்லியிருக்கலாம். 'அக்கா வந்ததும் வாங்கிக்கோங்க' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்ன கேட்டாள் என்று யோசித்துப் பாருங்கள். கோட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த வீட்டு மூத்தவனிடம், பொத்தான் கழண்டு வருமா என்று கேட்டாள். அந்த வாசலில் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்கவிட்டதும் இல்லை.

"எங்க வீட்டுத் தையல்ம்மா. கோட்டு போனாலும் பொத்தான் போகாது" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். குழந்தையின் கையிலேயே ஆந்தையைக் கொடுத்துவிட்டாள்.

அதில் பொய் இல்லை. எங்கள் தையல் தானாகக் கழண்டு வராது. யாராவது உட்கார்ந்து அறுக்க வேண்டும்.

மறுநாளே மருந்துக்கடைக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். செருப்பில்லாமல் ஓடினார். ஜன்னலில் நின்று பார்த்தேன். மருந்துக்கடை நடத்துகிற மனிதர், மருந்தில்லாத விஷயத்துக்கு ஓடுகிறார் என்று தோன்றியது. நான் இறங்கிப் போகவில்லை. கூட்டத்தில் முட்டிமோதிக்கொண்டு நிற்பது எனக்கு வராது. பொத்தான் தொண்டையில் அடைத்த குழந்தை உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நீங்கள் வந்தீர்கள். தம்பி மனைவியை அழைத்துப் போனீர்கள். அவள் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ரெண்டு சுத்து போட்டேனே அத்தான். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்தீங்கல்ல. சொல்லுங்களேன்" என்றாள். பிறகு தனக்குத்தானே, "ஒருவேளை அதுக்கு மட்டும் மறந்துட்டேனோ" என்றாள். அன்றைக்கே பலகையை இறக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். நினைத்தது முடிந்தது. அத்தோடு விட்டிருப்பேன்.

இன்று காலை முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தில் நுரை. அதனால் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு என்னைத் தெரியவில்லை. "கோட்டுக்காரர் வீட்டுப் பொத்தான், கோட்டுக்காரர் வீட்டுப் பொத்தான்னு இத்தனை காலம் பீத்திக்கிட்டாங்களே. பச்சைக்குழந்தை இழுத்த இழுப்புக்கு வந்துடுச்சாம்" என்றான். கத்தி பிடித்திருந்தவர் கண்ணால் ஜாடை காட்டியும் அவன் நிறுத்தவில்லை. "பேருதான் பெத்த பேரு. ரெண்டு தையல் போட்டு வித்திருக்காங்க. உள்ளே பார்த்தா ஒத்தை நூலுதானாம், போலீஸே சொல்லுதாம்."

நீங்கள் அப்படிச் சொன்னீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. பாதியில் எழுந்து நேரே இங்கே வந்தேன். என் ஒரு கன்னம் இந்தக் கோலத்தில் இருப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

வராந்தாவில் தம்பி மகள் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நீங்க வருவீங்கன்னு தெரியும் பெரியப்பா. அம்மாவுக்குன்னு நீங்க ஒருத்தராவது வருவீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவள் அப்படி நினைப்பதில் தவறில்லை. விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை. டையில் ஈரம் படாமல் மெதுவாக விலக்கிவிட்டு உள்ளே வந்தேன்.

இவர் எழுதியதை வாசித்துக் காட்டினார். ஒரு திருத்தம் உண்டு. 'பொத்தான் கழன்று விழுந்ததால்' என்று போட்டிருக்கிறார். அதை அடிக்க வேண்டும். 'பொத்தானின் நூல் முன்கூட்டியே அறுக்கப்பட்டிருந்ததால்' என்று எழுதட்டும். அறுத்தவன் நான். அறிந்து செய்தேன். கொடுத்தவனும் நானே. இதில் எதையும் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நாளைப் பத்திரிகையில் எங்கள் வீட்டுப் பெயர் வருமென்றால், தையலில் ஒரு குறையும் இல்லை என்பது அதே பத்தியில் வர வேண்டும். அது மட்டும் வந்துவிட்டால், கோட்டுக்காரர் வீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.