நத்தையின் வீட்டுக் கதவு

எனக்குப் போனில் பேச வராது. மணி அடித்தாலே உள்ளங்கை வியர்த்துவிடும். "எடுத்தா ஒண்ணும் கடிச்சிடாதுடி" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். அதுவே தட்டச்சு என்றால் நாள் முழுக்கப் பேசுவேன். இந்த ஸ்டேஷனிலும் ஒரு கணினி கொடுத்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்காது, சார்.

இயற்பியலில் பட்டம் வாங்கியதும் அதே கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது, மவுஸுக்குள் சேரும் அழுக்கைச் சுரண்டுவது, இவைதான் வேலை. மூலையில் மேசைக்கு அடியில் மூடி இல்லாத பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். 'அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். எங்கள் ஊர் அதற்குள்தான் இருந்தது.

விளையாட்டில் என்ன ஊர் என்று கேட்டீர்கள். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. 'வடக்கே போ' என்று தட்டினால் 'சந்தைக்கு வந்துவிட்டாய்' என்று திரையில் வரும். இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து வீடு கட்டலாம், நாற்காலி போடலாம், கதவு வைக்கலாம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சொல் உண்டு. அதைத் தட்டினால்தான் திறக்கும். கடையில் வாங்கும் விளையாட்டில் நாம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். எங்களுடையதில் அவரவர் கட்டியது அவரவருக்குச் சொந்தம். அந்த விதியை எழுதியவள் நான்.

இன்னொரு விதியும் என்னுடையதுதான். இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டால், அவரவர் வைத்துக்கொண்ட பெயரும், கடைசியாகத் தட்டி எவ்வளவு நேரமாயிற்று என்பதும் பட்டியலாக வரும். எந்த இடத்திலிருந்து வருகிறார்கள் என்பது வராது. நிர்வாகியான எனக்கு மட்டும் தெரியும். நான் பார்க்கலாம், சொல்லக் கூடாது.

ஆய்வகத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "யார் எவர்னு தெரியாம எப்படிம்மா கட்டி மேய்க்கிறது? எல்லாத்தையும் பட்டியல்ல போட்டுடு" என்றார். நான் அவர் முன்னால் வாயே திறக்காதவள். அன்று, "முடியாது சார். முகம் காட்டாம இருக்கிறது அவங்க உரிமை" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. நான் கொள்கை உள்ளவள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

நத்தை வந்தது அதற்குப் பிறகு. அப்போதெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். ஆனால் காதில் தமிழாகவே கேட்கும். அவள் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தூங்கிட்டீங்களா?"

"ஒரு கையாலதான் தட்டுறேன். இன்னொண்ணு மாவுக்கட்டுல இருக்கு."

"விழுந்துட்டீங்களா?"

"விழுந்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

நான் மேலே கேட்கவில்லை. "அப்போ நீ நத்தை" என்றேன்.

"நத்தைன்னா வீடு வேணுமே" என்றாள்.

இருவரும் சேர்ந்து கட்டினோம். ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கட்டும் என்றேன். தெருவைப் பார்த்து வேண்டும், யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றாள். அந்தச் சண்டை ஓயவே இல்லை. ஆளுக்கொரு நாற்காலி போட்டோம். என்னுடையதைப் பார்த்தால், 'கூச்சப்படும் நாற்காலி. மெதுவாக உட்காரவும்' என்று வரும். அவள் எழுதியது. என்னைப் பற்றி வேறு யாரும் ஒரு வரிகூட எழுதியதில்லை.

மாவுக்கட்டைப் பிரித்ததும் அவள் வீட்டைவிட்டு வெளியேறி வேறு ஊருக்குப் போனாள். எந்த ஊர் என்று கணவருக்குத் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. வேலை செய்யும் கடைக்கு எதிரே இருந்த இணைய மையத்திலிருந்துதான் எப்போதும் வருவாள். "நான் எங்க இருக்கேன்னு உனக்கு மட்டும் தெரியும் இல்ல? பரவாயில்ல, நீதானே" என்றாள்.

பிறகு ஒருநாள் மாலை கதவு திறக்கவில்லை. நிதானமாக மறுபடி தட்டினேன். திறக்கவில்லை.

"சொல்லை மாத்திட்டேன்பா. யாரோ என்னைத் தேடிக்கிட்டு சுத்துற மாதிரி இருக்கு. புதுசை நேர்ல பார்க்கும்போது சொல்றேன். கோச்சுக்காத."

நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. பார்ப்பதாகவும் இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் கரண்டி என்ற பெயர்க்காரி அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தாள். வந்து என்னிடமே வணக்கம் சொன்னாள். அவள் ஒரு வக்கீல், வழக்கு விஷயமாகத்தான் உள்ளே பேசினார்கள் என்று இன்று காலை நீங்கள் சொல்லித்தான் தெரியும். இருக்கட்டும். வக்கீலிடம் சொன்ன சொல்லை என்னிடமும் சொல்லியிருக்கலாம்.

நிர்வாகி நினைத்தால் எந்தக் கதவையும் திறக்கலாம். நான் திறக்கவில்லை. அடுத்தவர் வீடு. அந்த விஷயத்தில் நான் கறார்.

அந்த வாரம் 'வழிப்போக்கன்' என்ற பெயரில் ஒருவர் சந்தையில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்தார். வீட்டில் விட்டுப்போன கணினியில் அவளுடைய பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"இங்க நத்தைன்னு ஒருத்தங்க வருவாங்களா? என் வைஃப். வீட்ல எல்லாரும் தேடுறோம்."

"நண்டு வருது, ஆமை வருது, நத்தை மட்டும் இன்னும் வந்து சேரலை சார்" என்று ஒருவன் கிண்டலடித்தான். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடமும் கேட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் செய்தது நிரலில் ஒரு வரியை மாற்றியதுதான். பட்டியலில் இடமும் தெரியும்படி வைத்தேன். இணைய மையங்கள் அப்போது தங்கள் கணினிகளுக்கு மையத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் சேர்த்தே சூட்டியிருக்கும். அவளுடைய இடத்தை மட்டும் காட்டினால் பாரபட்சம். அதனால் எல்லோருடையதையும் காட்டினேன். என்னுடையதும் அதில் இருந்தது.

அன்று மாலை நத்தை வந்துபோனாள். சற்று நேரத்தில் வழிப்போக்கன் சந்தையிலிருந்து மறைந்தார். அவர் இருந்த இடத்திலிருந்து அவளுடைய தெருவுக்குப் பேருந்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். தூரம், வேகம், நேரம். பள்ளிக்கூடப் பாடம்தான்.

நத்தைக்குச் செய்தி அனுப்பினேன். "நாளைக்கு மதியம் வா. உன்கிட்ட மன்னிப்பு கேட்கணும்."

"லூசு, எதுக்கு? சரி, வர்றேன்."

வந்தாள். இரண்டு கையாலும் படபடவென்று தட்டினாள். நான் பேச்சை வளர்த்தேன். ஜன்னல் சண்டையை மறுபடி எடுத்தேன். "அதெல்லாம் முடிஞ்சுபோன சண்டைடி" என்றாள். கடைக்குத் திரும்ப வேண்டும் என்றாள். இன்னும் கொஞ்சம் இரு என்றேன். மறுபடி போக வேண்டும் என்றாள். அவள் கதவை மூடியது மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்றேன். அது பொய்யில்லை.

"ஐயோ, அதுக்கா இவ்வளவு? சரி, யார்கிட்டயும் சொல்லாத. புதுச் சொல்லு" என்று வந்தது. சொல் வரவில்லை. அடுத்த வரியில், "இரு, பின்னாடி யாரோ" என்று வந்தது.

அதன்பிறகு எதுவும் வரவில்லை. பட்டியலில் அவள் பெயர் மட்டும் இருந்தது. கடைசியாகத் தட்டி ஒரு நிமிடம். இரண்டு. பத்து. ஆய்வகத்தைப் பூட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணினியை அணைக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலும். அவளுக்கு நடந்ததெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

கிளம்பும் முன் அந்த வரியைப் பழையபடி மாற்றிவிட்டேன். மற்றவர்களின் இடம் ஊருக்கெல்லாம் தெரிவது சரியல்ல.

'கம்ப்யூட்டர்தான் காட்டிச்சு' என்று அவள் கணவர் உங்களிடம் சொன்னாராம். கம்ப்யூட்டர் தானாக எதையும் காட்டாது, சார். நான் காட்டினேன். அவர் போய்ச் சேரும்வரை அவளை எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்ததும் நான்தான்.

செத்துப்போனாள் என்று பேப்பரில் பார்த்த பிறகுதான் அந்தக் கதவைத் திறந்தேன். உரியவர் இல்லாத வீட்டை நிர்வாகி திறக்கலாம் என்று விதி இருக்கிறது. என் நாற்காலி போட்ட இடத்திலேயே இருந்தது. ஜன்னலை மாற்றியிருந்தாள். அது இப்போது கடலைப் பார்த்திருந்தது.

கதவை மூடி நானே ஒரு சொல் வைத்துவிட்டேன். அவளும் வக்கீலும் உள்ளே பேசியதன் பதிவைப் பார்க்க அந்தச் சொல் வேண்டும் என்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள். அது நத்தையின் வீடு. அவளை நான் யாருக்கும் காட்டிக்கொடுக்க மாட்டேன்.