செவ்வாய் வெள்ளிக்காரர்கள்

"வண்டியத் திருப்பு!"

லத்தி ஆட்டோ கூரையில் விழுகிறது. இரண்டு அடி. புதுச்சத்திரம் தாண்டி ரோட்டின் குறுக்கே தடுப்பு. நிறுத்துகிறேன். பின்சீட்டில் அம்சா அக்கா மூச்சு வாங்குவது எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கிறது.

சட்டைக் கையை மடக்கிக் காட்டினேன். முழங்கை வரை ஊசித் தழும்பு. "கிட்னி பேஷண்ட் சார். ரெண்டு பேருமே."

போலீஸ்காரர் பின்னால் நகர்ந்தார். போ என்று கையை மட்டும் அசைத்தார்.

கொரோனா இரண்டாவது அலை. மே மாதம். நான் சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இருமுறை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். ஆஸ்பத்திரியில் செவ்வாய், வெள்ளி எங்கள் முறை. நான்கு கட்டில். நான். நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்சா அக்கா. கறிக்கடை காசிம் பாய். காலேஜைப் பாதியில் விட்ட ஸ்டெல்லா.

அந்த வெள்ளிக்கிழமை கதவில் தாள் ஒட்டியிருந்தது. டயாலிசிஸ் வார்டு கொரோனா வார்டாகிவிட்டது. கடலூருக்குப் போகவும். எதில் போவது என்று அதில் இல்லை. ஊரடங்கில் பஸ் ஓடவில்லை. கேட்கலாம் என்று படியேறினேன்.

"உள்ள வராதீங்க!"

எங்களுக்கு ஊசி போடும் நர்ஸ். தலை முதல் கால்வரை மூடிய உடை. குரல் மட்டும்தான் அவருடையது.

செவ்வாயும் போனது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. மனைவியும் பிள்ளையும் மங்கலம்பேட்டையில் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். போனில் அழுதாள். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. வீட்டில் வேறு யாருமில்லை. மின்விசிறி சத்தம் மட்டும்.

புதன்கிழமை காலை மற்ற மூவருக்கும் போன் செய்தேன். காசிம் பாயின் மகன் காருக்கு பாஸ் கேட்டிருந்தான். ஸ்டெல்லா வீட்டில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். அம்சா அக்காவுக்கு யாருமில்லை. மகன் திருப்பூரில். அவரை ஏற்றிக்கொண்டேன்.

கடலூர் ஆஸ்பத்திரி வாசலில் முதல் கேள்வி. "ரிப்போர்ட் இருக்கா?"

கொரோனா இல்லை என்று ரிப்போர்ட் வேண்டும். இல்லாமல் மிஷினில் போட மாட்டார்கள். இருவர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்கள். ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும் என்றார்கள்.

"ரெண்டு நாள் தாங்காதுப்பா," என்றார் அக்கா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்தினேன். எங்களை யாரும் துரத்தவில்லை. யாரும் கிட்டே வரவும் இல்லை. சைரன் வருகிறது. வாசலில் நிற்கிறது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் சிமெண்டில் உருளுகிறது. மறுபடி சைரன். தாகம். எங்களுக்குத் தண்ணீர் ஜாஸ்தி கூடாது. பிளாஸ்க்கில் கொண்டுவந்த ஐஸில் ஆளுக்கொரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டோம்.

மறுநாள் மாலை என் பெயரைக் கூப்பிட்டார்கள். கொரோனா இல்லை. அக்காவின் ரிப்போர்ட் வரவில்லை. ஒரே நேரத்தில் எடுத்ததுதான்.

"அவுங்கள முதல்ல போடுங்க சார். என்னவிட முடியாம இருக்காங்க."

"ரிப்போர்ட் வரட்டும். நான் என்ன பண்றது, ரூல்ஸ்." டாக்டருக்குச் சின்ன வயசு. தூங்கி நாளாகியிருக்கும், கண் சிவந்திருந்தது.

"நீ போப்பா," என்றார் அக்கா. "நான் வண்டியிலயே இருக்கேன்."

நான்கு மணி நேரம் மிஷின் சுற்றியது. ஒவ்வொரு மூச்சும் லேசானது. அவருக்கும் இப்படி லேசாகும், நாளைக்கு லேசாகும் என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

வெளியே வந்தேன். அக்கா சீட்டில் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் செய்பவர்கள் கையில், ஊசி குத்தும் இடத்தில், தோலுக்கடியில் ரத்தம் வண்டு போல அதிரும். தூக்கத்திலும் நிற்காது. அவர் கையைத் தொட்டேன்.

அதிரவில்லை.

அவர் ரிப்போர்ட் அடுத்த நாள் வந்தது. கொரோனா இல்லை.

அதன்பிறகு கடலூருக்கே ஓட்டிப் போய்வந்தேன். மழைக்காலத்துக்கு முன் சிதம்பரத்தில் வார்டை மறுபடி திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை போனேன். மற்ற மூன்று கட்டிலிலும் புது ஆட்கள். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "மத்தவங்க?"

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அம்சா அக்கா, கடலூரில், என் ஆட்டோவில். காசிம் பாய், வீட்டில், பாஸ் வருவதற்கு முன். ஸ்டெல்லா, ஆம்புலன்ஸில், பாதி வழியில். மூவரும் கொரோனாவில் சாகவில்லை. அதனால் டிவியில் தினமும் வாசித்த சாவுக் கணக்கில் அவர்கள் இல்லை.

நான்கு பேர். மூன்று பேர் போனார்கள். நான் இருக்கிறேன்.