முதுகில் ஒட்டிய வெள்ளை

படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறிய பெண்ணின் நீலச் சீருடையில் முதுகெல்லாம் வெள்ளை. உள்ளே அதே சீருடையில் இருந்த அவள் கம்பெனிக்காரன் சொன்னான்: "யக்கா, முதுகத் தட்டிக்கோ."

"வேணும்னே செவுத்துல சாஞ்சுட்டு வர்றேன். போன வருசம் ட்ரையலுக்குன்னு எங்க வூட்ல அடிச்சாங்களே, நம்ம கம்பெனி பெயின்ட்டு."

"நாத்தமே இல்ல, சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னாங்களே?"

"பெயின்ட்ல சாக்பவுடரா ரொப்பிக்கினா நல்லதா? அதக் கொறச்சு டால்க் கல்லுப்பொடி போடுங்கன்னு டெஸ்டிங்ல நான்தான் எழுதிக் குடுத்தேன். கேக்கல. ஒரு மழைக்கே உதிருது. வருசா வருசம் திருப்பி அடிக்கிறதா சுற்றுச்சூழலுக்கு நல்லது?"

"இன்னிக்கி மீட்டிங்ல பெயின்ட்டு டெஸ்ட்டுல பாஸுன்னு உன் கையெழுத்து கேப்பாங்களே, இன்னா பண்ணுவ?"

"கேக்கட்டும். மேனேஜர் முன்னால திரும்பி நிக்கப் போறேன்."

கம்பெனி இருக்கும் ஒரகடம் வரை சீட்டில் முதுகு படாமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள்.