அறுபத்திரண்டு கிலோ

புகார் மனுவில் என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் சரியாகவே உள்ளன. வயது இருபத்திரண்டு. மூன்று பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் காய் நறுக்குகிறேன். அங்கே என்னைப் பட்டாசு என்று கூப்பிடுவார்கள், காரணம் போகப் போகத் தெரியும். இறந்துபோன ஒருவரின் பெயரில் நகராட்சியை ஏமாற்றி ஹெல்த் கார்டு வாங்கினேன் என்று போலீசில் என் மேல் புகார். இறந்தவர் என் அண்ணன். கார்டு வாங்கியது உண்மை. ஏமாற்றினேன் என்பது பொய்.

மேற்படி சமையற்கூடத்தில் அண்ணன் நான்கு வருடமாகச் சாப்பாட்டை டப்பாக்களில் போட்டு மூடும் வேலை பார்த்துவந்தார். சாப்பாட்டைத் தொடுகிற எவரும் வருடம் ஒரு முறை டாக்டரிடம் பரிசோதித்துக்கொண்டு நகராட்சியில் ஹெல்த் கார்டு வாங்க வேண்டும் என்பது விதி. எங்களை எந்த டாக்டரும் ஒரு நாளும் நாக்கை நீட்டச் சொன்னதில்லை. போட்டோ கொடுப்போம், கார்டு வரும்.

மூன்று மாதத்துக்கு முன் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் லீவு கேட்டதற்கு சூப்பர்வைசர், "நீ நல்லா இருக்கேன்னு கார்டு சொல்லுது. கார்டு பொய் சொல்லுதா, நீ சொல்றியா?" என்று கேட்டார். லீவில் போனால் வேலை போய்விடும் என்பதால் அண்ணன் மேலும் ஆறு நாட்கள் சுவரில் சாய்ந்தபடியே டப்பா நிரப்பினார். அதன் பிறகு கீழே விழுந்தார். டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதே வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேருக்குக் காய்ச்சல் என்ற செய்தி வார்டுக்கும் வந்தது. அதைக் கேட்ட அண்ணன், "என் கையாலதானே போட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் இறந்தார். பிள்ளைகள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், அது அவருக்குத் தெரியாது.

தொழிலாளி நோயை மறைத்து வேலை செய்ததே காரணம் என்று நகராட்சி அறிக்கை விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, இன்னும் எரிகிறது.

அதன் பிறகு அண்ணனுடைய பழைய கார்டை எடுத்துப் பார்த்தேன். எடை அறுபத்திரண்டு கிலோ என்று இருந்தது. என் கார்டிலும் அறுபத்திரண்டு. என் எடை நாற்பத்தேழு. சமையற்கூடத்தில் பதினான்கு பேர் கார்டையும் வாங்கிப் பார்த்தால் பதினான்கு பேரும் அறுபத்திரண்டு கிலோ. பெரிய சமையற்காரம்மா, "கல்யாணத்தப்பக்கூட நான் அவ்வளவு ஒல்லியா இருந்ததில்லையே!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நானும், நர்சிங் படிக்கும் என் தோழியும், சாப்பாட்டு வேன் ஓட்டும் பையனும், இன்னும் மூன்று பேரும் சேர்ந்து மனு எழுதினோம். எங்களில் யாருக்கும் இருபத்தைந்து தாண்டவில்லை. நேரில் பரிசோதிக்காமல் கார்டு தரக்கூடாது, காய்ச்சல் வந்தவரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இந்த இரண்டையும் நகராட்சி விதியாக்க வேண்டும் என்று கேட்டோம். இரண்டு முறை கொடுத்தோம். மூன்றாம் முறை சுகாதார அதிகாரி எங்களை நிற்க வைத்தே பேசினார். "பரிசோதிக்காம எங்க டாக்டர் கையெழுத்துப் போடவே மாட்டார். ஆதாரம் இருந்தா கொண்டாங்க, இல்லைன்னா போய்ப் பொழப்பைப் பாருங்க" என்றார். ஆதாரம் கேட்டது அவர்தான் என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு அண்ணனுடைய கார்டைப் புதுப்பிக்க விண்ணப்பம் வாங்கினேன். தற்போதைய உடல்நிலை என்ற இடத்தில், 'சென்ற மாதம் பதினான்காம் தேதி இறந்துவிட்டார்' என்று தெளிவான எழுத்தில் எழுதினேன். கையெழுத்துக்கான இடத்தில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'தங்கை' என்று எழுதினேன். இறப்புச் சான்றிதழின் நகலையும் பின் அடித்து அதோடு இணைத்தேன். மூன்றாம் நம்பர் ஜன்னலில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "போட்டோ ரெண்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.

எட்டாம் நாள் கார்டு வந்தது. என் அண்ணன் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார், தொற்றுநோய் எதுவும் இல்லை, உணவைக் கையாளத் தகுதியானவர் என்று டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. எடை அறுபத்திரண்டு கிலோ. செத்த பிறகும் அரை கிலோகூடக் குறையவில்லை.

அதை நகராட்சிக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் என் தோழி வாசித்தாள். உடனே நான் இறப்புச் சான்றிதழை வாசித்தேன். சுகாதார அதிகாரி எழுந்து, இது போலி, மோசடி, போலீசில் புகார் கொடுப்பேன் என்று கத்தினார். அந்த வழக்கு முடியும் வரை நாங்கள் கேட்ட விதியை ஓட்டெடுப்புக்கு எடுப்பதில்லை என்று கூட்டத்தைக் கலைத்தார்கள். மறுநாள் சமையற்கூடம் வழக்கம்போல் நடந்தது. இருமிக்கொண்டே ஒருவர் டப்பா நிரப்பினார்.

தப்பு செய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக நேற்று ஆள் அனுப்பினார்கள். அம்மா, "சாட்சிக்காரன் கால்ல விழறதுக்குச் சண்டைக்காரன் கால்லயே விழுந்துடுடி. ஒரு பிள்ளையைக் கொடுத்தது போதும்" என்று அழுதார். அம்மா பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் நான் அப்படி எழுதினால் அண்ணன் நோயை மறைத்தவராகவே இருப்பார், அந்த விதியும் குப்பைக்குப் போகும். எழுத மாட்டேன்.

என் விண்ணப்பம் நகராட்சி அலுவலகத்தில்தான் இருக்கிறது. அது காணாமல் போவதற்குள் இன்றைக்கே கைப்பற்ற வேண்டுகிறேன். நான் எழுதியதை அவர்களில் ஒருவராவது படித்திருந்தால் எனக்கு இந்தக் கார்டே கிடைத்திருக்காது.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை, எல்லாம் உண்மை. எழுதிய ஏட்டு பாதி வாசித்துக் காட்டிவிட்டு, படித்தது போதும், கையெழுத்துப் போடு என்றார். படிக்காமல் போட்ட கையெழுத்தால்தான் என் அண்ணன் போனார். ஆகவே தாளை வாங்கி, முதலிலிருந்து இரண்டு முறை நானே படித்துவிட்டு, இதன் கீழ் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)